வடிவம் மாறாமல் தேய்வது எது? மாறிகளைப் பிரிக்கும் முறையைச் சொல்லித்தருவது பற்றி

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் செமஸ்டர் விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் திரும்பும்போது கொண்டுவரும் குறிப்புகளில், பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. ‘விடையை, எக்ஸை மட்டும் சார்ந்த ஒரு சார்பும் டியை மட்டும் சார்ந்த ஒரு சார்பும் பெருக்கி வந்ததாக வைத்துக்கொள்க.’ எக்ஸ் என்பது இடம், டி என்பது காலம்; இரண்டையும் சார்ந்து ஓர் அளவு மாறுவதைச் சொல்வதுதான் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. விடையை இப்படி இரண்டாகப் பிரிப்பதே மாறிகளைப் பிரிக்கும் முறை. அடுத்த வரியில் வகுத்தல், பிறகு ஒரு மாறிலி, மூன்று நிலைகள், ஃபூரியர் தொடர் (சைன், கொசைன் அலைகளின் கூட்டு), விடை. படிகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் செய்துவிடுகிறார்கள். கம்பியின் ஒரு முனையை மட்டும் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. ‘ஏன் சார் பெருக்கலாக வைக்கணும், கூட்டலாக வைத்தால் என்ன?’ என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பில் பதில் இல்லை. அது நல்ல கேள்வி. பாடத்தையே அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் வாதம் இதுதான்: பெருக்கல் என்ற அனுமானத்தை முதலில் சொல்லக் கூடாது. வெப்பம் பரவும்போது எந்த வடிவம் தன் உருவத்தை இழக்காமல் உயரம் மட்டும் குறைகிறது என்று முதலில் கையால் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். அதைக் கண்ட பிறகு பெருக்கல் வடிவம் தானாக வந்து நிற்கும். இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். அந்த மணி நேரம் பின்னால் பல மடங்காகத் திரும்பி வரும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் வகையிடல், தொகையிடல், முக்கோணவியல் மூன்றும் வந்துவிடுகின்றன. இரண்டாம் படி வகைக்கெழுச் சமன்பாட்டைப் பலர் டிப்ளோமாவில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஆகவே, ‘இருமுறை வகையிட்டால் எதிர்க்குறியோடு தன்னிடமே திரும்பி வரும் சார்பு எது? குறி மாறாமல் திரும்பி வருவது எது?’ என்று கேளுங்கள். சைன், கொசைன் ஒரு பக்கம், எக்ஸ்பொனென்ஷியல் மறுபக்கம் என்று பதில் உடனே வராவிட்டால் வெப்பச் சமன்பாட்டைத் தொட வேண்டாம்.

மூன்று புள்ளிகள், பிறகு பதினொரு புள்ளிகள்

வெப்பச் சமன்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். ஒரு புள்ளியின் வெப்பநிலை தன் இருபக்கப் புள்ளிகளின் சராசரியைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு வேகமாக அது இறங்கும். இதை எண்ணில் காட்டுங்கள். எஃகுக் கம்பி ஒன்றில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று புள்ளிகள்: 60, 70, 60 டிகிரி. இரு பக்கத்தையும் கூட்டி, நடுவின் இருமடங்கைக் கழித்தால் −20. இடைவெளியின் வர்க்கம் 0.0009 சதுர மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய −22,222. சாதாரண கார்பன் எஃகின் வெப்ப விரவுதிறன் (வெப்பம் அதில் எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவு) விநாடிக்குச் சுமார் 0.000012 சதுர மீட்டர். பெருக்கினால் −0.27. அதாவது நடுப்புள்ளி அந்தக் கணத்தில் விநாடிக்கு கால் டிகிரிக்குச் சற்று மேலாக இறங்குகிறது. இரண்டாம் வகைக்கெழு என்றால் வளைவு, வளைவுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே பதிந்துவிடும்.

இப்போது வரைதாளை எடுக்கச் சொல்லுங்கள். கம்பியின் நீளத்தைப் பத்துப் பாகமாகப் பிரித்து, இரு முனையும் சுழியம், நடுவில் 100 என்று வைத்து இரண்டு வடிவங்கள். முதலாவது பரவளையம்: 0, 36, 64, 84, 96, 100, மறுபாதி அதன் கண்ணாடி உரு. இரண்டாவது சைன்: 0, 30.9, 58.8, 80.9, 95.1, 100, மறுபாதி அதேபோல. ஒவ்வொரு புள்ளியிலும் மேலே செய்த கூட்டிக் கழிக்கும் கணக்கைச் செய்ய வேண்டும்.

பரவளையத்தில் எல்லாப் புள்ளியிலும் −8 வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் பொருள் என்ன? 36இல் இருக்கும் புள்ளியும் 100இல் இருக்கும் புள்ளியும் ஒரே வேகத்தில் இறங்குகின்றன. முனைகளோ சுழியத்தில் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவை இறங்க முடியாது. அடுத்த கணமே முனையருகில் வடிவம் உடைகிறது, பரவளையம் பரவளையமாக இருப்பதில்லை.

சைனில் 100 உள்ள இடத்தில் −9.8, 58.8 உள்ள இடத்தில் −5.8, 30.9 உள்ள இடத்தில் −3.0. ஒவ்வொன்றையும் அந்தந்த உயரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் −0.097க்கும் −0.099க்கும் இடைப்பட்ட எண்தான். ஒரு தசமத்துக்கு முழுமையாக்கியதால் வரும் சிறு வேறுபாடு அது. உண்மையான விகிதம் எல்லா இடத்திலும் −0.0979. எல்லாப் புள்ளியும் ஒரே விழுக்காட்டில் இறங்குகின்றன என்றால் வடிவம் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் குறையும். பையை (π) பத்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.0987. பாகங்களை இன்னும் நுணுக்கமாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் என்பதைச் சொல்லிவிட்டு நகரலாம்.

நேரம் இருந்தால் முக்கோண வடிவத்தையும் போட வையுங்கள். அதில் உச்சியைத் தவிர எங்கும் வளைவே இல்லை. முதல் கணத்தில் உச்சி மட்டும்தான் மழுங்கும்.

இப்போது பெருக்கல்

‘வடிவம் மாறாமல் அளவு மட்டும் மாறுகிறது’ என்பதைக் கணிதத்தில் எழுதச் சொன்னால் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள்: வடிவம் எக்ஸைச் சார்ந்தது, அளவு டியைச் சார்ந்தது, இரண்டையும் பெருக்கு. கூட்டல் ஏன் இல்லை என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. கூட்டினால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு இறங்கும். பரவளையத்தில் பார்த்த அதே தகராறு.

இதைச் சமன்பாட்டில் போட்டு வகுத்தால் ஒரு பக்கம் காலம் மட்டும், மறுபக்கம் இடம் மட்டும். ‘ஆகவே இரண்டும் ஒரு மாறிலி’ என்று குறிப்புகள் தாவிவிடும். அந்த ‘ஆகவே’யை விரித்துக் காட்டுங்கள். கம்பியில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தை ஓட விட்டால் இடப்பக்கம் மாறவே முடியாது. அதற்குச் சமமாக இருக்க வேண்டிய காலப்பக்கமும் எனவே மாற முடியாது. அவ்வளவுதான். சமன்பாட்டில் வேறு எக்ஸ், டி கலந்த உறுப்பு இருந்து பிரிக்க முடியாமல் போனால் இந்த வாதம் நிற்காது என்பதும் அப்போது புரியும். விரவுதிறன் வெப்பநிலையோடு சேர்ந்து மாறினால் முறை உடைவது இதனால்தான்.

மாறிலியின் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. சில குறிப்புகளில் அது கே, சிலவற்றில் எதிர்க்குறி லாம்டா, சிலவற்றில் எதிர்க்குறி லாம்டா வர்க்கம். மூன்றிலும் படித்த பிள்ளைகள் ஒரே விடைத்தாளில் மூன்றையும் கலந்து எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாளின் தலையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எனக்கு எதிர்க்குறி லாம்டா வர்க்கம் பிடிக்கும், ஏனென்றால் லாம்டா நேராகச் சைனுக்குள் போய் உட்காரும், வர்க்கமூலம் எடுக்கும் வேலை இல்லை.

குறி பற்றிய மூன்று நிலைகளைத் தேர்வுத்தாள் கேட்கும், ஆகவே மூன்றையும் எழுதத்தான் வேண்டும். மாறிலி நேர்க்குறியானால் ஹைப்பர்போலிக் சைன் (எக்ஸ்பொனென்ஷியல்களால் ஆன சார்பு). அது ஒரு முனையில் சுழியமாக இருந்தால் மறுமுனையில் சுழியமாக வரவே வராது. சுழியமானால் நேர்க்கோடு, இரு முனையும் சுழியமான நேர்க்கோடு வெறும் சுழியம். எதிர்க்குறியானால்தான் சைன். இதோடு, ‘சுழிய நிலையை எப்போதும் தூக்கி எறியலாம்’ என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அது தவறு. இரு முனைகளும் வெப்பம் வெளியேறாதபடி மூடப்பட்டிருந்தால் அங்கே எல்லை நிபந்தனை, அதாவது முனையில் விடை கடைப்பிடிக்க வேண்டிய விதி, சரிவு சுழியம் என்பது. மாறாத ஒரு நேர்க்கோடு அதற்குச் சரியாகப் பொருந்தும். அந்த உறுப்பை விட்டுவிட்டவர்களின் கம்பி, ஒரு துளி வெப்பமும் வெளியே போகாத நிலையிலும் சுழியம்வரை குளிர்ந்துபோகும். அந்த உறுப்பின் மதிப்பு கம்பியின் தொடக்கச் சராசரி வெப்பநிலை. கடைசியில் எஞ்சி நிற்பதும் அதுதான்.

எல்லை நிபந்தனைதான் எந்தெந்தச் சைன் உள்ளே வரலாம் என்று தேர்ந்தெடுக்கிறது. இரு முனையும் பிடிக்கப்பட்டிருந்தால் நீளத்துக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும். லாம்டா என்பது n × π ÷ L (‘என்’ 1, 2, 3 என்ற முழு எண், ‘எல்’ கம்பியின் நீளம்). ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை மூடப்பட்டிருந்தால் கால் அலை, முக்கால் அலை, ஒன்றேகால் அலை என்று போகும். இதைச் சூத்திரமாகக் கொடுக்காமல் படமாக வரைய வையுங்கள். முனையில் தட்டையாக முடிய வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பென்சிலால் வரைந்தாலே கால் அலை வந்துவிடும். மூடிய முனையைக் கண்ணாடியாக நினைத்தால் இது இருமடங்கு நீளமுள்ள, இரு முனையும் பிடித்த கம்பியின் பாதிதான். ஆகவே குளிரும் நேரம் நான்கு மடங்கு. முனை ஒன்றை மாற்றிக் கேட்டால் திணறுவது இந்தப் படப்பயிற்சி செய்தவர்களிடம் பெரிதும் குறைகிறது.

ஒரு கம்பி, கடைசித் தசமம்வரை

முழுக்கணக்கு ஒன்று வேண்டும். 30 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி, பக்கங்கள் காப்பிடப்பட்டவை, முழுவதும் 100 டிகிரி. சுழியம் விநாடியில் இரு முனைகளும் 30 டிகிரிக்குக் கொண்டுவரப்பட்டு அப்படியே பிடிக்கப்படுகின்றன. நடுப்புள்ளியின் வெப்பநிலை என்ன?

முதல் வழுக்கல் இங்கேயே. 30ஐ அப்படியே வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கினால், முனையில் இடப்பகுதி × காலப்பகுதி = 30 என்றாகிவிடும், காலப்பகுதி மாறாத எண்ணாகிக் கணக்கு அங்கேயே செத்துவிடும். முதலில் 30ஐக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது தொடக்கத்தில் 70, முனைகளில் சுழியம். ஒரு முனை 100, மறுமுனை 30 என்றால் அந்த இரண்டையும் இணைக்கும் நேர்க்கோட்டைக் கழிக்க வேண்டும். கழித்ததைக் கடைசியில் மறக்காமல் திரும்பக் கூட்ட வேண்டும். கூட்ட மறந்து, கீழே 760 விநாடிக்கு வரும் ‘62.8’க்குப் பதில் ‘32.8’ என்று எழுதிய தாள்கள் ஏராளம்.

முதல் சைனின் காலமாறிலி (அதன் உயரம் ஏறக்குறைய 37 விழுக்காடாகக் குறைய எடுக்கும் நேரம்): பை ÷ 0.3 என்பது 10.47, வர்க்கம் 109.7, விரவுதிறனால் பெருக்கினால் விநாடிக்கு 0.001316. தலைகீழ் எடுத்தால் 760 விநாடி, பன்னிரண்டே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது சைனுக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கு, 84 விநாடி. ஐந்தாவதற்கு 30 விநாடி. குறுகிய அலை விரைவாக அழிகிறது என்பதை இந்த மூன்று எண்களைப் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள்.

தட்டையான 70ஐச் சைன்களின் கூட்டாக எழுத முடியுமா என்ற ஐயம் நியாயமானது. முனையில் சுழியமாகும் அலைகளைக் கூட்டி எப்படித் தட்டையான கோடு வரும்? 1753இல் டேனியல் பெர்னூலி அதிரும் கம்பிக்கு இப்படிச் சைன்களின் கூட்டே பொதுவிடை என்றபோது ஆய்லர் ஒப்புக்கொள்ளவில்லை. 1807இல் ஃபூரியர் வெப்பம் பற்றிய தன் ஆய்வைப் பாரிஸில் சமர்ப்பித்தபோது லக்ராஞ்ச் எதிர்த்தார். அது நூலாக அச்சில் வந்தது 1822இல்தான். அந்தக் கணித மேதைகளுக்கே சிக்கலாக இருந்த இடம் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கெழுக்களை, அதாவது ஒவ்வொரு சைனும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற எண்களை, பிரித்தெடுக்கும் தந்திரத்தையும் கையாலேயே காட்டலாம். பத்துப் பாகக் கம்பியில் முதல் சைனும் மூன்றாவது சைனும் ஒவ்வொரு புள்ளியிலும் பெருக்கப்படட்டும். இடப்பாதியின் நான்கு பெருக்கங்கள் 0.25, 0.559, 0.25, −0.559. கூட்டினால் 0.5. வலப்பாதியும் அதே 0.5. நடுப்புள்ளியில் 1 × (−1) = −1. மொத்தம் சுழியம். முதல் சைனைத் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் 5. சுழியம் எதிர் 5: செங்குத்துத்தன்மை என்று பெயர் சூட்டுவதற்கு முன் இதைப் பார்த்தவர்கள், தொகையீட்டில் ஏன் சைனால் பெருக்குகிறோம் என்று பிறகு கேட்பதில்லை. பெருக்கித் தொகையிட்டால் மற்ற உறுப்புகள் எல்லாம் செத்து ஒன்று மட்டும் தப்புகிறது.

நம் கம்பிக்குக் கெழுக்கள் 280 ÷ (n × π), ஒற்றைப்படை nக்கு மட்டும். முதலாவது 89.13, மூன்றாவது 29.71, ஐந்தாவது 17.83. இரட்டைப்படை உறுப்புகள் இல்லை, ஏனென்றால் தொடக்க நிலை நடுவைப் பொறுத்துச் சமச்சீரானது. நடுப்புள்ளியில் குறிகள் மாறி மாறி வரும்: கூட்டல், கழித்தல், கூட்டல்.

60 விநாடியில் முதல் உறுப்பை மட்டும் எடுத்தால் 82.4 வருகிறது. 30ஐச் சேர்த்தால் 112 டிகிரி. கம்பி 100இல் தொடங்கியது, சூடேற்ற எதுவும் இல்லை. இது நடக்கவே முடியாது. இந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளையே தவற்றைத் தேட விடுங்கள். பாதிப் பேர் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். சூத்திரத்தில் பிழை இல்லை, உறுப்புகள் போதவில்லை. மூன்றாவது −14.60, ஐந்தாவது +2.48, ஏழாவது −0.27, ஒன்பதாவது +0.02. கூட்டினால் 69.99. அதாவது ஒரு நிமிடம் கழிந்தும் நடுப்பகுதிக்கு முனையின் குளிர்ச்சி எட்டவே இல்லை, அது 100இலேயே இருக்கிறது.

300 விநாடியில் முதல் உறுப்பு 60.06, மூன்றாவது −0.85. விடை 89.2 டிகிரி. 760 விநாடியில் முதல் உறுப்பு 32.8, மூன்றாவது ஆயிரத்தில் நான்கு பங்கு. விடை 62.8. எப்போது ஒரே உறுப்பு போதும் என்பதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு: விரவுதிறன் × நேரம் ÷ பாதி நீளத்தின் வர்க்கம் 0.2ஐத் தாண்ட வேண்டும். இந்தக் கம்பிக்கு அது 375 விநாடி. மேலே உள்ள மூன்று நேரங்களையும் அதோடு ஒப்பிட்டால் விதி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

சுழியம் விநாடியிலேயே தொடரைக் கூட்டிப் பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று முனையருகில் 112.5 டிகிரிவரை எழும்பும் ஒரு மேட்டைக் கண்டுபிடிக்கும். உறுப்புகளைக் கூட்டக் கூட்ட அந்த மேடு தாழாது, முனையை நோக்கி ஒதுங்கும். அது கிப்ஸ் விளைவு, கணக்குப் பிழை அல்ல. நேரம் சிறிது ஓடியதும் மறைந்துவிடும்.

கால்குலேட்டர் டிகிரியில் இருப்பது இன்னொரு வழக்கமான கோளாறு. நடுப்புள்ளியில் சைனுக்குள் போவது 1.571. ரேடியனில் 1 வர வேண்டிய இடத்தில் டிகிரியில் 0.0274 வரும், வெப்பநிலை 30ஐ ஒட்டியே நிற்கும்.

எக்செலில் சரிபார்த்தல்

கையால் வந்த விடையை நம்ப வைக்க, அதே கம்பியை எக்செலில் ஓட்டுங்கள். பத்துப் பாகம், இடைவெளி 3 சென்டிமீட்டர். முனைக் கட்டங்கள் முதல் வரிசையிலிருந்தே 30, இடையில் உள்ள ஒன்பதும் 100. அடுத்த வரிசையின் ஒவ்வொரு கட்டமும்: பழைய மதிப்பு + ஆர் × (இடம் + வலம் − 2 × பழைய மதிப்பு). ஆர் என்பது விரவுதிறன் × காலப்படி ÷ இடைவெளியின் வர்க்கம். காலப்படி 30 விநாடியானால் ஆர் 0.4. பத்து வரிசையில் 300 விநாடி. நடுக்கட்டம் 88.8 காட்டும், தொடர் கொடுத்தது 89.2. பத்துப் பாகத்துக்கு இது நல்ல ஒப்புமை.

பிறகு காலப்படியை 45 விநாடியாக்கச் சொல்லுங்கள். ஆர் 0.6. பத்தாவது வரிசையில் நடுக்கட்டம் 117, அதன் பக்கத்துக் கட்டம் 38. அடுத்தடுத்த கட்டங்கள் ஏறி இறங்கிப் பல்போல நிற்கும், கீழே போகப் போக இன்னும் பெருகும். உண்மையில் அந்த நேரத்தில் நடுப்புள்ளி 79இல் இருக்க வேண்டும். ஆர் 0.5ஐத் தாண்டக் கூடாது, இங்கே 37.5 விநாடிதான் வரம்பு. ஏன் என்பதற்கும் பிரித்தல் முறையே விடை சொல்கிறது: அந்தப் பல்வடிவம் பத்துப் பாகத்தில் அடங்கும் மிகக் குறுகிய சைன், ஒன்பதாவது. ஆர் 0.6இல் ஒவ்வொரு படியிலும் அது −1.34ஆல் பெருக்கப்படுகிறது. தேய வேண்டியது வளர்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் காலப்படியைக் கால்வாசியாக்க வேண்டும் என்பதை மறந்து, ‘நுணுக்கமாக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று வருபவர்களுக்கு இதைக் காட்டினால் போதும்.

ஆலையும் அடிக்கோலும்

செம்பனை ஆலையில் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு நல்ல கணக்கு உண்டு. கோள வடிவத்தில் வெப்பச் சமன்பாடு பயமுறுத்தும். ஆனால் வெப்பநிலையை ஆரத் தொலைவால் பெருக்கி அதைப் புதிய மாறியாக வைத்தால், அது மேலே உள்ள கம்பிச் சமன்பாடாகவே மாறிவிடும், இரு முனையும் சுழியம் உட்பட. முதல் காலமாறிலி: ஆரத்தின் வர்க்கம் ÷ (பை வர்க்கம் × விரவுதிறன்). பழத்துக்கு நீரின் விரவுதிறனையே, விநாடிக்கு 0.00000014 சதுர மீட்டர் என்று, தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். 1.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள தனிப்பழத்துக்கு 163 விநாடி வருகிறது. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள முழுக்குலையை ஒரே திடக் கோளமாக நினைத்தால் நூறு மடங்கு, நாலரை மணி நேரம். குலைகளை நீராவியால் வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி குலையின் உள்ளே பழங்களுக்கு இடையில் நுழைந்தே ஆக வேண்டும் என்பதும், இடையில் தேங்கும் காற்றை வெளியேற்ற அழுத்தத்தை ஏற்றி இறக்கி மும்முறை உச்சத்துக்குக் கொண்டுபோவதன் தேவையும் இந்த இரண்டு எண்களிலிருந்தே தெரிந்துவிடும். பயிற்சி அறிக்கையில் இந்தக் கணக்கு ஒரு பக்கம் இருந்தால் அது வெறும் படிவம் நிரப்புதலாக இருக்காது.

வெப்பத்தை முடித்து அதிர்வுக்கு வரும்போது உத்திரச் சமன்பாட்டை (வளைந்து அதிரும் சட்டத்துக்கான சமன்பாட்டை) விட்டுவிடாதீர்கள். ‘மாறிலி எதிர்க்குறி, விடை சைன்’ என்று பாடம் பண்ணியவர்கள் இங்கே விழுவார்கள். இடத்தில் நான்காம் வகைக்கெழு வருவதால் மாறிலி நேர்க்குறியாகிறது, சைன், கொசைனோடு ஹைப்பர்போலிக் இரண்டும் சேர்ந்து வருகின்றன, நான்கையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லை நிபந்தனையும் நான்கு: இறுக்கிய முனையில் இடப்பெயர்ச்சியும் சரிவும் சுழியம், வெளிமுனையில் வளைவும் அதன் வகைக்கெழுவும் சுழியம். அவற்றைப் போட்டால் கொசைன் × ஹைப்பர்போலிக் கொசைன் = −1. மூலங்கள் 1.875, 4.694, 7.855. அதிர்வெண் அவற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே இரண்டாவது அதிர்வு முதலாவதைப்போல் 6.27 மடங்கு. கம்பி வாத்தியத்தில் வருவதுபோல் 2, 3, 4 என்று வராது.

இதைச் சோதிக்க 30 சென்டிமீட்டர் எஃகு அடிக்கோலும் மேசை விளிம்பும் ஜி-கிளாம்பும் போதும். தடிமன் 1 மில்லிமீட்டர், வெளியே நீட்டியது 25 சென்டிமீட்டர் என்றால் கணக்குப்படி விநாடிக்கு 13 அதிர்வு. அகலம் எதுவானாலும் விடை மாறாது, அதை முதலிலேயே ஊகிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் விநாடிக்கு 240 சட்டமுள்ள ஸ்லோமோஷனில் எடுத்தால் ஓர் அதிர்வுக்குப் பதினெட்டுச் சட்டத்துக்குச் சற்று மேல் வரும். பத்து அதிர்வுகளை எண்ணினால் 184 சட்டம். நீட்டலைப் பாதியாக, 12.5 சென்டிமீட்டராக்கினால் நான்கு மடங்கு, 52 அதிர்வு. இப்போது கண்ணுக்கு மங்கலாகிக் காதுக்குக் கேட்கத் தொடங்கும்.

அளந்தது கணக்கைவிடக் குறைவாக வந்தால் முதலில் கிளாம்பைப் பாருங்கள். மேசை விளிம்பு தேய்ந்து உருண்டிருந்தால் கோல் உள்ளே சிறிது தூரம் வளைகிறது, உண்மையான நீட்டல் நீங்கள் அளந்ததைவிட அதிகம். 25 சென்டிமீட்டரில் 5 மில்லிமீட்டர் பிசகினால் அதிர்வெண்ணில் நான்கு விழுக்காடு போய்விடும். கோலுக்கு மேலும் கீழும் தட்டையான இரும்புத் துண்டு வைத்து, இரண்டின் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி இறுக்குங்கள். அடுத்தது தடிமன். அதிர்வெண் தடிமனுக்கு நேர்விகிதம், 1 மில்லிமீட்டர் என்று நினைத்த கோல் 0.9 ஆக இருந்தால் பத்து விழுக்காடு குறையும். மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள், கோடு பொறித்த பள்ளத்தின்மேல் வைக்காமல்.